ஹெ ஷோ வூ: எட்டு மாதம் குடித்த பிறகு

கூட வேலை பார்க்கும் அக்கா ஒருவர் போன வாரம், "முடிக்கு ஏதோ சீன வேர் குடிச்சியே, எந்தக் கடைம்மா?" என்று கேட்டார். சொல்ல மனம் வரவில்லை. காரணத்தை இங்கே எழுதுகிறேன்.

சிங்கப்பூரில் வீட்டுப் பக்கத்துச் சீன மருந்துக்கடையில்தான் வாங்கினேன். 'ஹெ என்பவரின் கறுத்த தலை' என்பதே இந்த வேரின் பெயருக்குப் பொருள். கோழிச் சூப்பில் நான்கைந்து துண்டு போட்டால் சாறு காப்பி நிறத்துக்கு வந்துவிடும். லேசான இனிப்பு, பின்னால் ஒரு துவர்ப்பு. நரை அப்படியேதான் இருந்தது. ஆனால் சீப்பில் முடி சுருண்டு வருவது குறைந்தது, மலச்சிக்கல் போயே போய்விட்டது. அதை மறைக்க மாட்டேன்.

எட்டாம் மாதம் ஓயாத அசதி. சிறுநீர் கட்டன் டீ மாதிரி போனது. ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் என்சைம் பல மடங்கு ஏறியிருந்தது. டாக்டர் முதலில் கேட்டதே, "நாட்டு மருந்து, சீன மருந்து ஏதாவது சாப்பிடுறீங்களா?" நிறுத்திய இரண்டு மாதத்தில் எல்லாம் இறங்கிவிட்டது. எல்லோருக்கும் இப்படி இறங்குவதில்லை, உயிரே போனவர்களும் உண்டு.

எனக்கு ஆறாத கோபம் அந்தக் காகிதப் பொட்டலத்தின் மேல். பச்சை வேர் வேறு, கறுப்பு சோயா பீன்ஸ் சாற்றில் வேகவைத்துப் பக்குவப்படுத்தியது வேறு. பச்சை வேர் மலம் இளகக் கொடுப்பது. சீன மருந்து நூல் அளவு நாளுக்கு 3 முதல் 6 கிராம். பக்குவப்படுத்தியதற்கு 6 முதல் 12. பொட்டலத்தில் எது என்றும் இல்லை, எவ்வளவு என்றும் இல்லை. கடைக்காரர் நல்ல மனிதர், கறுத்த துண்டாகப் பார்த்துத்தான் கொடுத்தார். ஆனாலும் கல்லீரலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லையே! பிரிட்டன் 2006-லும் சீன அரசே 2014-லும் எச்சரித்த சரக்கு இது. பக்குவப்படுத்தியதும் சிலருக்குக் கல்லீரலைத் தாக்கும். எச்எல்ஏ-பி*35:01 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்கு ஆபத்து கூடுதல் என்று 2019-இல் கண்டுபிடித்தார்கள். நம்மில் யார் அதைச் சோதித்துவிட்டுச் சூப் வைக்கிறோம்?

அக்கா, வாங்காதீங்க. மஞ்சள் காமாலை வந்தவர், மது குடிப்பவர், வேறு மாத்திரை சாப்பிடுபவர் கிட்டவே போக வேண்டாம்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை கோழிச் சூப் வைக்கிறேன், சிவப்புப் பேரீச்சையும் இஞ்சியும் மட்டும் போட்டு. அந்தக் கறுத்த நிறம் இல்லாமல் கிண்ணம் வெறிச்சென்றுதான் இருக்கிறது.