மேன்முறையீடு எழுதித் தாறம் என்று வருபவர்களிடம் மூலப் பத்திரங்களைக் கொடுக்காதீர்கள்

இலங்கைப் போரில் கால் இழந்தவர்கள், உடம்பில் செல் (எறிகணை) துண்டோடு இருப்பவர்கள் என்று மாற்றுத்திறனாளிகள் கொடுப்பனவு மறுக்கப்பட்ட வீடுகளாகப் பார்த்துத்தான் இந்தத் தரகர்கள் வருகிறார்கள். "கச்சேரியில (மாவட்டச் செயலகத்தில்) எங்கட ஆள் இருக்கிறார், வெட்டினதைத் திருப்பி எடுத்துத் தாறம்" என்று சொல்லி முற்காசு கேட்பார்கள்.

காசு போவதை விட மோசம் அவர்கள் எழுதும் கடிதம். வடமராட்சியில் ஒருவருக்கு எழுதிக் கொடுத்தது இரண்டு பக்கம். ஒழுகும் கூரை, பிள்ளைகளின் படிப்பு, கடன் எல்லாம் அதில் இருந்தன. இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை என்பது கடைசி வரியில்தான். அதையும் அஸ்வெசும என்ற அரச நலன்புரித் திட்டத்தின் குடும்பக் கொடுப்பனவுக்கான மேன்முறையீடாகப் போட்டிருந்தார்கள். குடும்பக் கொடுப்பனவு சொத்து, வருமானம், வீடு போன்ற 22 அளவுகோல்களைப் பார்த்து முடிவாவது. மாற்றுத்திறனாளிகள் கொடுப்பனவு வேறு. 2025இல் 7,500 ரூபாவிலிருந்து 10,000 ஆக்கப்பட்ட அந்த மாதக் கொடுப்பனவு அவருக்கு வரவில்லை, மேன்முறையீட்டுக் காலமும் கடந்துவிட்டது. அவருடைய மூல மருத்துவ அறிக்கை இன்னும் தரகர் கையில்.

இதற்கு யாருக்கும் காசு கொடுக்கத் தேவையில்லை. முதலில் ஏன் மறுத்தார்கள் என்பதை எழுத்தில் எடுங்கள். பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தர் வாயால் சொன்னால் போதாது. எழுத்தில் தராவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அங்குள்ள தகவல் அலுவலரிடம் தமிழிலேயே கேளுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். ஆனால் அந்தப் பதிலுக்காக மேன்முறையீட்டுத் திகதியைத் தவறவிடாதீர்கள். கடிதத்தை முதலில் கொடுத்து, பத்திரங்களைப் பிறகு சேர்க்கலாமா என்று கேளுங்கள்.

கடிதம் அந்தக் காரணத்துக்கு மட்டும் பதில் சொல்லட்டும். மேன்முறையீடுகள் அதிகம் கவிழ்வது மருத்துவ அறிக்கையில்தான். "கால் துண்டிக்கப்பட்டது" என்று மட்டும் இருந்தால், செயற்கைக்கால் போட்டு நடந்து வந்தவரைப் பார்த்து 'இவருக்கென்ன' என்று விட்டுவிடுவார்கள். எவ்வளவு தூரம் நடக்கலாம், செயற்கைக்கால் உரசிப் புண் வந்தால் எத்தனை நாள் போட முடியாது, கிணற்றடிக்கும் மலசலகூடத்துக்கும் ஆள் துணை வேண்டுமா என்பதை அரச வைத்தியரிடம் விபரமாகச் சொல்லி எழுதுவியுங்கள். செல் துண்டுக்குப் புதிய எக்ஸ்ரே எடுங்கள்; உலோகம் அதில் தெளிவாகத் தெரியும். (எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால், உள்ளே துண்டு இருப்பதை முதலே சொல்லிவிடுங்கள்.)

இரண்டு பிரதி கொண்டு போய், உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். தபாலில் என்றால் பதிவுத் தபால்தான், பற்றுச்சீட்டைக் கவனமாக வைத்திருங்கள். உங்கள் கோவை (ஃபைல்) எங்கே நிற்கிறது என்று நலன்புரி நன்மைகள் சபையின் 1924 இலக்கத்தில் கேட்கலாம்.

ஏற்கெனவே பத்திரங்களைக் கொடுத்துவிட்டவர்கள் தரகரின் பின்னால் அலையாமல் பொலிசில் முறைப்பாடு செய்து, அடையாள அட்டையோடும் கிளினிக் இலக்கத்தோடும் ஆஸ்பத்திரியின் பதிவேட்டு அறைக்குப் போய் மறுபிரதிக்கு எழுதிக் கொடுங்கள்.