எம்35ஏ2 ராணுவ லாரி: வீட்டு வாசலில் மூன்று வருடம்

ராணுவம் கழித்துவிட்ட எம்35ஏ2 லாரி ஒன்றை ஏலத்தில் எடுத்து மூன்று வருடம் ஆகிறது. டாஷ்போர்டில் உள்ள தகட்டில் 1971 என்று பொறித்திருக்கிறது. அமெரிக்க ராணுவத்தில் இதற்கு இரண்டரை டன் லாரி என்று பெயர். அந்தக் கணக்கு கரடுமுரடான பாதைக்கு. நல்ல சாலையில் ஐந்து டன் வரை ஏற்றலாம். முன்னால் ஓர் ஆக்ஸில், பின்னால் இரண்டு, மூன்றுக்குமே இன்ஜின் இழுவை போகும். வண்டியைப் பார்க்க வருகிறவர்கள் பெயின்ட்டைப் பற்றியும் டயரைப் பற்றியும், பின்னால் என்ன கூடு கட்டப்போகிறேன் என்றும்தான் கேட்கிறார்கள். எனக்குச் சொல்ல வேண்டியது பிரேக்கைப் பற்றி.

இந்த வண்டியில் ஒரே மாஸ்டர் சிலிண்டர் (மிதியின் அழுத்தத்தை பிரேக் எண்ணெய்க்கு மாற்றும் உருளை), ஒரே பிரேக் லைன். மிதியை அழுத்தினால் ஏர் பேக் (Air-Pack, விபத்தில் விரியும் பை அல்ல) என்கிற கருவி காற்றழுத்தத்தைக் கொண்டு எண்ணெய் அழுத்தத்தைக் கூட்டி, எல்லாச் சக்கரங்களுக்கும் ஒன்றாக அனுப்பும். எங்காவது ஒரு வீல் சிலிண்டர், அதாவது சக்கரத்தில் பிரேக்கைத் தள்ளும் சின்ன உருளை, ஒழுகினால் மொத்த பிரேக்கும் போய்விடும். இதைக் கேள்விப்பட்டிருந்தும் முதல் மாதம் டயர் தேடுவதிலேயே போயிற்று. ஒருநாள் காலை வாசலிலிருந்து வண்டியை மெல்ல வெளியே எடுத்தேன். மிதி தரை வரை போய்விட்டது. நல்லவேளை, முதல் கியரில் இருந்தது, கிளட்ச்சையும் தொடவில்லை. இன்ஜினை நிறுத்தும் கைப்பிடியை இழுத்தேன். ஓர் அடி தள்ளி நின்றது. (இந்த வண்டிக்குச் சாவி கிடையாது. ஒரு லீவர், ஸ்டார்ட்டர் பட்டன், டீசலை நிறுத்தும் கேபிள், அவ்வளவுதான். திருட்டுக்குப் பயந்தால் ஸ்டியரிங்கில் சங்கிலி போட்டுப் பூட்ட வேண்டும்.)

அன்றைக்கே எல்லாச் சக்கரங்களையும் கழற்றுவது என்று முடிவு செய்தேன். இங்கே ஒரு விஷயம். வண்டியின் இடது பக்க வீல் போல்ட்டுகளுக்கு இடது மரை, அதாவது வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திருப்பினால்தான் கழலும். முனையில் எல் என்ற எழுத்து இருக்கும். துருவும் பெயின்ட்டும் சேர்ந்து அதை மூடியிருந்தன. நீளக் குழாயை மாட்டி அரை மணி நேரம் நான் இறுக்கிக்கொண்டிருந்தேன், கழற்றவில்லை. கம்பி பிரஷ்ஷால் முனையைத் தேய்த்துப் பார்த்த பிறகுதான் புரிந்தது. வீலைக் கழற்றினாலும் பிரேக் டிரம் உடனே கையில் வராது. ஆக்ஸில் ஷாஃப்ட்டை உருவி, பேரிங் நட் இரண்டையும் எடுத்து, ஹப்பையும் டிரம்மையும் சேர்த்து இறக்க வேண்டும். கனம் பயங்கரம், தனியாகச் செய்யாதீர்கள். நட்டுக்கு எட்டுப் பட்டை பாக்ஸ் ஸ்பேனர் தேவை. உளியும் சுத்தியலும் வைத்துத் தட்டி எடுத்தவர்களின் அடையாளம் என் வண்டி நட்டில் வரிவரியாக இருந்தது. பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

ஒழுகியது பின் ஆக்ஸிலில் ஒரு சிலிண்டர். ரப்பர் உப்பிப்போய் உள்ளே பழுப்புக் களிம்பு. ராணுவம் 1980களில் சிலிக்கான் பிரேக் எண்ணெய்க்கு மாறியது, அதாவது டாட் 5. சாதாரண டாட் 3 அதோடு சேராது. முன்னால் வைத்திருந்தவர் எதை ஊற்றினார் என்று தெரியாததால் லைன் முழுவதையும் காலி செய்து, ரப்பர் பாகங்களை எல்லாம் மாற்றி, டாட் 5 மட்டும் ஊற்றினேன். லைனுக்குள் சிக்கிய காற்றை எடுக்கத் தம்பி வந்தான். அவன் மேலே மிதியில், நான் கீழே கண்ணாடிக் குப்பியோடு. ஏர் பேக்கில் தொடங்கி ஒவ்வொரு சக்கரமாக. "அண்ணே, விடவா?" "விடாதே, இன்னும் குமிழி வருது." சாயங்காலம் வரை இதே பேச்சுதான். கடைசிச் சக்கரத்தில் குழாய்க்குள் ஒரு குமிழிகூட இல்லாமல் எண்ணெய் வந்தபோது எனக்கிருந்த நிம்மதியை எழுத்தில் சொல்லத் தெரியவில்லை. அப்புறம் இரண்டு அறை கொண்ட மாஸ்டர் சிலிண்டர் போட்டு முன், பின் லைன்களைத் தனித்தனியாகப் பிரித்தேன். இந்த லாரியில் நான் செய்த மாற்றங்களில் மிக முக்கியமானது இதுதான்.

இன்ஜினைப் பற்றிக் குறையே சொல்ல மாட்டேன். 7.8 லிட்டர், ஆறு சிலிண்டர், டர்போ, 22:1 கம்ப்ரஷன். டீசல், மண்ணெண்ணெய், ஜெட் எரிபொருள் எதையும் குடிக்கும்படி வடிவமைத்தது. பிஸ்டன் தலையில் உருண்டையாக ஒரு குழி. எரிபொருள் அதன் சுவரில் படிந்து ஆவியாகி எரிகிறது. எரிபொருளின் அடர்த்திக்கு ஏற்ப அளவைச் சரிசெய்ய பம்பில் ஒரு கருவி உண்டு. பழைய வண்டிகளில் அது ஒழுகும். நான் டீசல் மட்டும் ஊற்றுவதால் அதை விலக்கிவிட்டுக் குழாயை நேராக இணைத்துவிட்டேன். ஆயில் மாற்றினால் சுமார் 20 லிட்டர் போகும், அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓட்டுவது சுகமான வேலை இல்லை. பவர் ஸ்டியரிங் கிடையாது. வண்டி நிற்கும்போது ஸ்டியரிங்கைத் திருப்ப முயன்றால் தோள்பட்டை பிடித்துக்கொள்ளும். 50 மைல் வேகத்தைத் தாண்டினால் கேபினுக்குள் பேச்சு கேட்காது. தரையிலும் இன்ஜின் தடுப்பிலும் சத்தம் உறிஞ்சும் பாய் ஒட்டினேன், ஓரளவு பலன் உண்டு.

மின்சாரம் 24 வோல்ட், இரண்டு பேட்டரி. ரேடியோவுக்கு 12 வோல்ட் வேண்டும் என்று ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் வயர் இழுக்காதீர்கள். ஒன்று காய்ந்து இன்னொன்று அளவுக்கு மீறிச் சார்ஜ் ஏறி, இரண்டுமே சீக்கிரம் போய்விடும். நான் ஒரு கன்வெர்ட்டர் போட்டேன்.

பெயின்ட்டில் எனக்குக் கோபமே வருகிறது, ஏனென்றால் இதை யாரும் சொல்வதில்லை. ராணுவம் அடித்த கார்க் (CARC) பெயின்ட், ரசாயனத் தாக்குதலைத் தாங்குவதற்கானது. அடியில் உள்ள பிரைமரில் குரோமேட் என்கிற நச்சுப்பொருள் இருக்கலாம். உலர்வாகத் தேய்க்கக் கூடாது, அதன் மேலேயே வெல்டிங் வைக்கவும் கூடாது. கூடு கட்டச் சட்டம் பற்றவைக்கும் இடங்களில் மட்டும், முகமூடி போட்டு, ஈரமாகத் தேய்த்தேன். குழந்தைகளைப் பக்கத்தில் விடவில்லை.

டயரைப் பொறுத்தவரை, பழைய 9.00-20 ரிம்மில் பூட்டு வளையம் இருக்கும். காற்றடிக்கும்போது அது தெறித்தால் உயிர் போகும். இரும்புக் கூண்டு வைத்திருப்பவரிடமே கொடுங்கள். வீட்டில் நான் தொடாத ஒரே வேலை இதுதான்.

சாதாரணப் பழைய வண்டிகளில் எளிதில் கிடைக்காத ஒன்று இதில் உண்டு: டி.எம். 9-2320-361 வரிசைக் கையேடுகள். அரசு ஆவணம் என்பதால் இலவசமாகவே கிடைக்கின்றன. புதிதாகச் சேர்ந்த சிப்பாய்க்கும் விளங்கும்படி படம் போட்டு, எந்த நட்டு முதலில், எவ்வளவு இறுக்கம் என்று எழுதியிருக்கிறார்கள். என் பிரதியில் பிரேக் பக்கங்கள் கிரீஸ் பட்டுக் கறுத்துவிட்டன.

தினமும் வண்டி ஓட்டவேண்டியவர்கள் இதை வாங்க வேண்டாம். மூடிய இடமும், சனி ஞாயிறும், உதவிக்கு ஓர் ஆளும் இருந்தால் தாராளமாக வாங்குங்கள். கொண்டுவந்த அன்றே டிரம்களைத் திறந்து பாருங்கள். எனக்கு அடுத்த வேலை பவர் ஸ்டியரிங். தம்பியிடம் சொல்லிவிட்டேன், அடுத்த வாரம் வருகிறான்.