ஜே.சி. ரோட்டில் கார் செட் மாற்றப் போகிறீர்களா? கப்ளரைக் கண்ணால் பார்க்காமல் டேஷ்போர்டைத் திறக்க விடாதீர்கள்

பெங்களூர் ஜே.சி. ரோட்டில் ஒரு ஆக்சசரீஸ் கடை. புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயர் வேண்டாம். கே.ஆர். புரத்தில் இருக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் 2018 போலோவுக்கு அங்கே 9 இன்ச் ஆண்ட்ராய்டு செட் போட்டிருக்கிறார்கள். செட், ஃப்ரேம், ரிவர்ஸ் கேமரா, ஃபிட்டிங் எல்லாம் சேர்த்து 19,500 ரூபாய். "கேன் பஸ் கப்ளரோட வருதுண்ணா, ஒரு வயர் கட் பண்ண மாட்டோம், ஸ்டீரிங் பட்டன் கம்பெனி மாதிரியே வேலை செய்யும்" என்று கடைப் பையன் தமிழிலேயே சொல்லியிருக்கிறான். கப்ளர் என்றால் வயரை வெட்டாமல் செட்டை வண்டியோடு சேர்க்கும் பிளக். கேன் பஸ் என்பது வண்டியின் கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் தகவல் அனுப்பும் லைன், அதைப் படிக்கும் சின்னப் பெட்டிதான் கேன் பஸ் பாக்ஸ். அந்த ரோட்டில் பாதிக் கடைகளில் தமிழ் பேச ஆள் உண்டு. நம்ம பாஷை பேசுகிறான் என்பதற்காகப் பணத்தை எண்ணி வைக்காதீர்கள்.

வெள்ளி இரவு நிறுத்திய வண்டி திங்கள் காலை ஸ்டார்ட் ஆகவில்லை. கடையில் கேட்டதற்கு, பேட்டரி பழசு, மாற்றுங்கள் என்று அங்கேயே 5,200 ரூபாய்க்குப் புது பேட்டரி விற்றார்கள். அடுத்த நீண்ட விடுமுறையில் அதுவும் படுத்துவிட்டது. ஸ்டீரிங் பட்டன் முதல் நாளிலிருந்தே செத்துக் கிடந்தது. "அப்டேட் வரும் சார்" என்று மூன்று முறை திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். எஃப்.எம். போட்டால் 101.3 ரெயின்போகூட ஊருக்குள்ளேயே இரைச்சலோடுதான் வந்தது.

வேறொரு எலக்ட்ரீசியனிடம் டேஷைத் திறந்தபோது உள்ளே இருந்தது இது. கம்பெனி வயரிங்கின் முனையில் இருக்க வேண்டிய கப்ளரே இல்லை. மொத்தமாக வெட்டி எடுத்திருக்கிறார்கள். வயர்களைக் கையால் முறுக்கிக் கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தார்கள். வெயிலில் நின்ற வண்டி என்பதால் பசை உருகி, தொட்டால் டேப் கையோடு வந்தது. புது செட்டின் மஞ்சள் வயரும் சிவப்பு வயரும் ஒரே முறுக்கில், வண்டியின் நிரந்தர 12 வோல்ட் லைனில். எர்த் வயர் ஏ.சி. டக்ட் பக்கத்து ஸ்க்ரூ ஒன்றில். ஆரஞ்சு கலந்த இரண்டு மெல்லிய கேன் வயர்கள் முனை வெட்டப்பட்டு அந்தரத்தில் தொங்கின. அவை ஒன்றோடொன்று உரசினால் அதே லைனில் இருக்கும் மற்ற யூனிட்டுகளும் தடுமாறும். கேன் பஸ் பாக்ஸ் என்று பணம் வாங்கிய சாமான் வண்டிக்குள் எங்கேயும் இல்லை.

சிவப்பும் மஞ்சளும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதுதான் இதில் முக்கியம். மஞ்சள் வயர் செட்டின் நினைவுக்கு. எப்போதும் 12 வோல்ட் இருக்க வேண்டும். சிவப்பு வயர் சாவி போட்டால் மட்டும் உயிர் பெற வேண்டிய ஏ.சி.சி. லைன். சாவியை எடுத்ததும் சிவப்பில் கரண்ட் போனால்தான் செட் தூங்கும். இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால் செட்டுக்கு வண்டி நின்றதே தெரியாது. பவர் பட்டனை அழுத்தித் திரையை அணைக்கலாம், உள்ளே பிராசஸரும் ஆம்ப்ளிஃபையரும் விழித்தே இருக்கும். இந்த வண்டியில் பேட்டரி நெகட்டிவில் மீட்டர் வைத்தபோது 0.6 ஆம்பியர் ஓடியது. ஒரு நாளைக்கு 14.4 ஆம்பியர் அவர் (ஒரு ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு ஆம்பியர் அவர்). வெள்ளி இரவிலிருந்து திங்கள் காலை வரை ஏறக்குறைய 60 மணி நேரம், 36 ஆம்பியர் அவர். சின்ன காரின் பேட்டரியில் அதற்குப் பிறகு ஸ்டார்ட்டரைச் சுற்ற என்ன மிச்சம் இருக்கும்? பேட்டரி பழசானதும் இல்லை, புதுசு வாங்கியிருக்க வேண்டியதும் இல்லை.

இந்த அளவை நீங்களே எடுக்கலாம். மல்டிமீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளையில் குத்துங்கள். பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி, டெர்மினலுக்கும் கழற்றிய கேபிளுக்கும் நடுவே மீட்டரை வையுங்கள். பானட் லாக்கை ஸ்க்ரூ டிரைவரால் அழுத்தி மூடியதுபோல் ஆக்கிவிட்டு, கதவைப் பூட்டி அரை மணி நேரம் விடுங்கள். வண்டியின் கம்ப்யூட்டர்கள் தூங்கிய பிறகு 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் சரி. மீட்டர் நடுவில் இருக்கும்போது ஸ்டார்ட் மட்டும் செய்யாதீர்கள், மீட்டரின் ஃப்யூஸ் அந்த நொடியே போய்விடும்.

சரி, கடைக்காரன் ஏன் இப்படிச் செய்தான்? சிவப்பு வயரைச் செருக போலோவில் இடமே இல்லை. பழைய மாருதி, ஹூண்டாய் வண்டிகளில் செட்டுக்குப் பின்னால் ஏ.சி.சி. லைன் தனியாக வரும், ஒரு சாதாரண கப்ளர் போதும். ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடாவில் "சாவி போட்டாச்சு" என்ற செய்தியே கேன் லைன் வழியாகத் தகவலாகத்தான் வரும். அதைப் படித்து 12 வோல்ட்டாக மாற்றித் தருவதுதான் கேன் பஸ் பாக்ஸின் முதல் வேலை. ஸ்டீரிங் பட்டன், ரிவர்ஸ் கியர், லைட் போட்டால் திரை மங்குவது எல்லாம் அந்தச் சின்னப் பெட்டி வழியாகத்தான். பெட்டியை மிச்சம் பிடித்தால் கடைக்கு இரண்டாயிரம் லாபம். வெளியே பார்த்தால் பாட்டு ஓடுகிறது, திரை மின்னுகிறது, வாடிக்கையாளர் சந்தோஷமாகக் கிளம்பிவிடுவார்.

பாக்ஸ் மாட்டினாலும் வேலை முடிவதில்லை. செட்டின் ஃபேக்டரி செட்டிங்கில் போய் பாக்ஸ் கம்பெனியையும் வண்டி மாடலையும் தேர்ந்தெடுக்க வேண்டும். மெனுவில் ரைஸ், ஹைவேர்ல்டு, சிம்பிள் சாஃப்ட் என்று பெயர்கள் வரும், பாக்ஸின் மேலேயே ஒட்டியிருக்கும் பெயரைப் போட வேண்டும். உள்ளே நுழைய 8888, 3368, 126 மாதிரி ஒரு எண் கேட்கும், செட்டுக்குச் செட் மாறும். அந்த எண்ணைக் கடையிலேயே பில்லின் பின்னால் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தராவிட்டால் சின்ன மாற்றத்துக்கும் அவர்கள் வாசலில்தான் நிற்க வேண்டியிருக்கும்.

மாருதி, ஹூண்டாய் வைத்திருப்பவர்களிடம் வேறு பொய் சொல்வார்கள்: "உங்க வண்டி ஸ்டீரிங் பட்டன் இதுக்கு சப்போர்ட் ஆகாது." இந்த வண்டிகள் பலவற்றில் பட்டன்கள் வெறும் ரெசிஸ்டர் விளையாட்டு. செட்டுக்குப் பின்னால் வரும் ஸ்டீரிங் வயருக்கும் எர்த்துக்கும் நடுவே ஓம் அளந்தால், ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு எண் மாறும். மாறினால், ஆண்ட்ராய்டு செட்டின் கீ-1, கீ-2 வயர்களை அதில் சேர்த்து மெனுவில் ஒவ்வொரு பட்டனாகக் கற்றுக்கொடுத்தால் வேலை செய்யும். பத்து நிமிட வேலை, சோம்பேறித்தனத்தால்தான் கைவிடுகிறார்கள்.

எஃப்.எம். இரைச்சலுக்குக் காரணம் ஆன்டெனா அடாப்டர். இந்த வண்டியின் கூரை ஆன்டெனாவுக்குள் ஒரு குட்டி ஆம்ப்ளிஃபையர் இருக்கிறது, அதற்குக் கேபிள் வழியாகவே 12 வோல்ட் போக வேண்டும். நீல வயர் உள்ள பவர் அடாப்டர் போட்டால் ஸ்டேஷன் தெளிவாகும். இங்கே ஐம்பது ரூபாய் சாதா அடாப்டரைச் செருகிவிட்டு, செட்டின் நீல வயரை மொட்டையாக விட்டிருந்தார்கள். அது எதிலாவது எர்த் ஆகியிருந்தால் செட்டே போயிருக்கலாம்.

கேமராவில் கவனம். கம்பெனி கேமரா இருக்கும் வண்டியில் அதையே வைத்துக்கொள்ள முடியும், ஆனால் டொயோட்டா வண்டிகள் பலவற்றில் அந்தக் கேமராவுக்கு 6 வோல்ட்தான். ரிவர்ஸ் லைட்டிலிருந்து நேராக 12 வோல்ட் கொடுத்தால் கேமரா எரியும், பிறகு "கம்பெனி கேமரா செட் ஆகாது" என்று புதுசு விற்பார்கள். நடுவில் 6 வோல்ட் கன்வர்ட்டர் இருக்கிறதா என்று கேளுங்கள். புதுக் கேமராவில் படம் கறுப்பாகவோ இரண்டாகப் பிரிந்தோ வந்தால் பெரும்பாலும் கேமரா பழுதல்ல. செட்டிங்கில் கேமராவின் வீடியோ சிக்னல் வகை (ஏ.எச்.டி.யா, சி.வி.பி.எஸ்.ஸா) தப்பாக இருக்கும்.

மைக், யு.எஸ்.பி. இரண்டையும் வாயைத் திறந்து கேட்டால்தான் செய்வார்கள். கம்பெனி யு.எஸ்.பி. துளைக்குத் தனி அடாப்டர் கேபிள் வேண்டும், இல்லாவிட்டால் அது வெறும் ஓட்டைதான்.

ஏர்பேக் விளக்கையும் சொல்லியாக வேண்டும். பல வண்டிகளில் ஹஸார்ட் சுவிட்சும் பயணி ஏர்பேக் விளக்கும் செட்டைச் சுற்றிய ஃப்ரேமில்தான் இருக்கும். அந்தப் பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டு, பாட்டு வருகிறதா என்று பார்க்கச் சாவியைத் திருப்பினால், பழுதுக் குறியீடு பதிவாகி ஏர்பேக் விளக்கு அணையாமல் நிற்கலாம். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிச் சில நிமிடம் விட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும். வண்டியைக் கொடுக்குமுன் சாவி போட்டு மீட்டர் கன்சோலை வீடியோ எடுத்துவிடுங்கள். "முன்னாடியே எரிஞ்சுது சார்" என்ற பேச்சுக்கு அதைவிட நல்ல பதில் கிடையாது.

ஏ.சி. அமைப்பு, 360 டிகிரி கேமரா, செல்போன் ஆப் வழியாக வண்டியைப் பார்க்கும் வசதி இவையெல்லாம் கம்பெனித் திரைக்குள்ளேயே ஓடும் வண்டியா? அப்படியானால் செட்டைக் கழற்றவே வேண்டாம். ஸ்பீக்கரையும் ஆம்ப்ளிஃபையரையும் மாற்றுங்கள், காசுக்கு அதில்தான் சத்தம் இருக்கிறது.

அட்டைப்பெட்டியில் போட்டிருந்த எண்களும் பொய். ஆண்ட்ராய்டு 13, 8 ஜிபி ரேம், 256 ஜிபி என்றிருந்தது. செட்டின் செட்டிங் பக்கத்திலும் அப்படியே காட்டும், அதையே திருத்தி எழுதிவிடுவார்கள். டெவ்செக் மாதிரி ஒரு ஆப்பில் ஏ.பி.ஐ. எண்ணை (ஆண்ட்ராய்டு ஒவ்வொரு பதிப்புக்கும் உள்ளே வைத்திருக்கும் எண்) பார்த்தால் 29 வந்தது, அது ஆண்ட்ராய்டு 10. உண்மையான 13-க்கு 33 வர வேண்டும். "60 வாட் நாலு சேனல்" என்பதும் அப்படித்தான். பின்னால் 10 ஆம்பியர் ஃப்யூஸ். 14.4 வோல்ட்டில் மொத்தமே 144 வாட்தான் உள்ளே போகும், வெளியே 240 வாட் எப்படி வரும்? நல்ல பிராண்டுகளே 50 வாட் என்று போட்டுவிட்டு, விவரத் தாளில் ஆர்.எம்.எஸ்., அதாவது தொடர்ந்து தரக்கூடிய சக்தி, 22 வாட் அளவுக்குத்தான் சொல்கின்றன.

வெட்டிய வயரைச் சரிசெய்ய, அதே வண்டிக்கான கப்ளரை வயர் வாலோடு தனியாக வாங்கினார்கள். வயர் வயராகச் சோல்டர் வைத்து, சூடுபட்டால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டு, அதன் முன்னால் பாக்ஸோடு வரும் கப்ளரைச் செருகினார்கள். பின் இடது ஸ்பீக்கரில் பிளஸ் மைனஸ் மாறியிருந்தது. 1.5 வோல்ட் செல்லின் பிளஸ்ஸை ஸ்பீக்கரின் பிளஸ் வயரிலும் மைனஸை மைனஸ் வயரிலும் ஒரு நொடி தொட்டால், சரியாக இருந்தால் கோன் வெளியே வரும், மாறியிருந்தால் உள்ளே போகும். மாறியிருக்கும் வரை பேஸ் காணாமல் போகும், ஆள் ஸ்பீக்கரைத்தான் திட்டுவார். எர்த்தைப் பழைய கப்ளரின் எர்த்துக்கே கொண்டுபோனார்கள். இப்போது மீட்டரில் 30 மில்லி ஆம்பியருக்குக் கீழே.

நீங்கள் கடைக்குப் போனால், பேச்சு முடிந்ததும் கப்ளரையும் பாக்ஸையும் மேஜைமேல் வைக்கச் சொல்லுங்கள். வண்டியின் மாடல் அதில் ஒட்டியிருக்கிறதா, செருகிப் பார்த்தால் உட்காருகிறதா என்று பாருங்கள். "குடோன்ல இருக்கு, வந்துடும்" என்றால் வந்த பிறகு டேஷைத் திறக்கட்டும். வேலை நடக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள், டீ குடிக்க அனுப்புவார்கள், போகாதீர்கள். கட்டிங் பிளேயர் கைக்கு வந்தால் வேலையை நிறுத்துங்கள். முடிந்ததும் சாவியை எடுத்துக் கதவைத் திறந்து பூட்டுங்கள், செட் தானாகச் சாக வேண்டும். ஸ்டீரிங் பட்டன் ஒவ்வொன்றையும், ஹெட்லைட் போட்டுத் திரை மங்குவதையும், ஒரு போன் காலையும், நாலு ஸ்பீக்கரையும் தனித்தனியாகப் பார்த்த பிறகுதான் மிச்சப் பணம்.

கழற்றிய கம்பெனி செட்டை எக்ஸ்சேஞ்சில் கொடுக்காதீர்கள். இந்த வண்டியில் 1,500 ரூபாய் கழித்துக்கொண்டு வாங்கிவிட்டார்கள், பழையதையே திரும்பப் போட வழி இல்லை. விற்கும்போது கேட்பார்கள், வாரண்டிக்குப் போகும்போதும் கேட்பார்கள். அது வீட்டு அலமாரியில் இருக்கட்டும்.

பில் விஷயம். கடை கொடுத்தது "எஸ்டிமேட்" என்று மேலே அச்சிட்ட சீட்டு. ஜி.எஸ்.டி. எண் 15 இலக்கம் உள்ள பில்லில் செட்டின் மாடல், சீரியல் எண், "கேன் பஸ் பாக்ஸுடன்" என்ற வார்த்தை மூன்றும் இருக்க வேண்டும். இறக்குமதி சாமானின் பெட்டியில் இறக்குமதியாளர் பெயரும் அதிகபட்ச விலையும் இருப்பது சட்டம், இதில் இரண்டும் இல்லை. நல்லவேளை, பணம் யு.பி.ஐ.யில் போனது, வாக்குறுதிகள் வாட்ஸ்அப்பில் எழுத்தாக இருக்கின்றன.

முதலில் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவாகியிருக்கிறது. அது நகராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, நீங்கள் குடியிருக்கும் இடத்தின் ஆணையத்திலேயே போடலாம், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். புகார் போன பிறகு கடையிலிருந்து போன் வந்தது. பாக்ஸ் தருகிறார்களாம், 2,500 ரூபாய் தனியாகக் கொடுக்க வேண்டுமாம். பாக்ஸ் ஏற்கெனவே வேறு இடத்தில் வாங்கி மாட்டியாகிவிட்டது, அதன் விலையும் அந்த பேட்டரிப் பணமும்தான் இப்போது கேட்கப்பட்டிருக்கிறது.