விலகலா, மறுவாக்கெடுப்பா: 2019இல் பிரிட்டன் தொழிற்கட்சி

2016 பொது வாக்கெடுப்பில் 51.9 சதவீதம் பேர் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகச் சொன்னார்கள். தொழிற்கட்சிக்கு வாக்களித்தவர்களில் பெரும்பாலோர் நீடிக்க விரும்பியவர்கள். ஆனால் கட்சி வைத்திருந்த தொகுதிகளில் பாதிக்கு மேல் விலகல் பக்கம் சாய்ந்தவை. சிக்கல் இங்கேதான். கட்சியின் முன் இரண்டு வழிகள் இருந்தன.

விலகலை ஏற்பது: 2017 பொதுத் தேர்தலில் இந்த நிலைப்பாட்டோடுதான் 40 சதவீத வாக்கும் 262 இடங்களும் வந்தன. போல்சோவர், லீ, செட்ஜ்ஃபீல்ட் ஆகிய பழைய சுரங்கத் தொகுதிகள் கைவிட்டுப் போகவில்லை. 2019 மே ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் நீடிப்பு ஆதரவாளர்கள் லிபரல் டெமாக்ரட், பசுமைக் கட்சிகளுக்குத் தாவ, கட்சி மூன்றாம் இடத்துக்குச் சரிந்தது. தலைமை மிரண்டது. ஆனால் அது வாக்கு விகிதப்படி இடம் தரும் விகிதாசாரத் தேர்தல். கோபத்தைக் காட்டினால் ஆட்சி கைமாறாது.

மறுவாக்கெடுப்பு: லண்டனிலும் பல்கலைக்கழக நகரங்களிலும் வாக்கு கூடும். ஏற்கெனவே வென்ற தொகுதியில் கூடி என்ன பயன்? 2019 டிசம்பர் பொதுத் தேர்தலில் கட்சித் தலைவர் கோர்பின் 3 மாதத்தில் புது விலகல் ஒப்பந்தம், 6 மாதத்தில் வாக்கெடுப்பு, அதில் தான் நடுநிலை என்றார். வாக்காளர் வீட்டு வாசலில் நின்று ஒரே வரியில் விளக்க முடியாத வாக்குறுதி. 202 இடங்களே மிஞ்சின. மேற்சொன்ன மூன்று தொகுதிகளும் போயின. புதிதாகக் கிடைத்தது லண்டனின் பட்னி மட்டும்.

இடக் கணக்கில் முதல் வழிக்கே சேதம் குறைவு. ஆனால் நீடிப்பை விரும்பிய கட்சி உறுப்பினர்கள் அதற்கு இசைந்திருப்பார்களா என்பது சந்தேகமே.