18,500 ரூபாய் போச்சு: மதர்போர்டை வாரண்டிக்குக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

வாரண்டி முடிய இரண்டு வருஷத்துக்கு மேல் பாக்கி இருக்கிற மதர்போர்டு. விலை 18,500 ரூபாய். "சாக்கெட் பின் வளைஞ்சிருக்கு, வாரண்டி கிடையாது" என்று சொல்லி இன்று மதியம் அதை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். (கம்ப்யூட்டரின் மூளையான ப்ராசஸர் போர்டில் உட்காரும் இடம்தான் சாக்கெட். அதிலுள்ள மெல்லிய கம்பிகள்தான் பின்.) பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் மாடியில் இருக்கும் ஒரு கம்ப்யூட்டர் கடை. பெயர் போடவில்லை. ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. ஆனாலும் இப்போதே எழுதுகிறேன், ஏனென்றால் இந்த வாரமே யாராவது இதே மாதிரி ஒரு போர்டைத் தூக்கிக்கொண்டு எஸ்.பி. ரோட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார்கள்.

கல்யாண வீடியோ எடிட்டிங்தான் என் பிழைப்பு. போன வருஷம் புது சிஸ்டம் போடலாம் என்று கடை கடையாக விலை கேட்டுக்கொண்டு போனேன். என் பேச்சைக் கேட்டதுமே இந்தக் கடைக்காரர் "தர்மபுரிப் பக்கமா அண்ணா?" என்றார். அவருக்கு ஆம்பூராம். டீ வந்தது. பக்கத்துக் கடையில் இதே போர்டைக் கொஞ்சம் குறைத்துச் சொல்கிறார்கள் என்றேன். அதற்கு அவர் சொன்னது வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது: "பொருள் எங்க வாங்கினாலும் ஒண்ணுதாண்ணா. நாளைக்கு ஒரு பிரச்சினைன்னா யாரு நிப்பாங்கன்னு பாருங்க. மூணு வருஷம் வாரண்டி. நீங்க சர்வீஸ் சென்டருக்கெல்லாம் அலைய வேணாம். எங்கிட்ட குடுங்க, மாத்தி வாங்கித் தர்றது என் பொறுப்பு."

அந்தப் பேச்சை நம்பித்தான் 18,500 ரூபாயை எண்ணிக் கொடுத்தேன். ப்ராசஸரைப் பொருத்தி, கூலரை முடுக்கித் தந்ததும் அந்தக் கடைப் பையன்தான். அதற்கப்புறம் நான் கேபினட்டைத் திறந்ததே இல்லை.

சில மாதம் நன்றாக ஓடியது. திடீரென்று, இன்டர்நெட் கேபிள் செருகும் லேன் போர்ட் மட்டும் செத்துவிட்டது. கேபிள் மாற்றிப் பார்த்தேன், டிரைவர் போட்டுப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. சரி, வாரண்டிதான் இருக்கிறதே என்று சிபியுவை அப்படியே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். கடையிலேயே ஆன் செய்தார்கள். விண்டோஸ் திறந்தது, ரேம் முழுதும் காட்டியது, கிராஃபிக்ஸ் கார்டும் வேலை செய்தது. லேன் விளக்கு மட்டும் எரியவில்லை. "ஆமாண்ணா, லேன்தான் போயிருக்கு" என்று அவரே சொல்லி, ஒரு துண்டுச் சீட்டில் அதையே எழுதிக் கொடுத்தார்.

பிறகு கூலரைக் கழற்றி, ப்ராசஸரை எடுத்து என் கையில் கொடுத்தார்கள். போர்டு வந்த டப்பாவையும் கொண்டுபோயிருந்தேன். சாக்கெட்டை மூடும் கறுப்பு பிளாஸ்டிக் மூடி அதில்தான் இருந்தது. "இதெல்லாம் வேணாம், போர்டு மட்டும் போதும்" என்று டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். திறந்த சாக்கெட்டோடு என் போர்டை எடுத்து, அலமாரியில் ஏற்கனவே அடுக்கியிருந்த போர்டுகள் மேல் வைத்தான் பையன். "மூடி போட வேண்டாமா?" என்று கேட்டேன். "தினமும் பண்ற வேலைதாண்ணா" என்று பதில்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இன்டெல்லின் எல்ஜிஏ 1700 சாக்கெட்டில் 1,700 பின்கள் போர்டில்தான் இருக்கின்றன. ப்ராசஸரில் தட்டையான தொடுபுள்ளிகள் மட்டும்தான். இன்னொரு கம்பெனியான ஏஎம்டியிலும் ஏஎம்4 சாக்கெட் வரை ப்ராசஸரில் இருந்த பின்கள், 2022-இல் ஏஎம்5 வந்தபோது போர்டுக்கு மாறிவிட்டன. ப்ராசஸர் உட்கார்ந்து லிவர் பூட்டியிருக்கும்வரை அந்தப் பின்களை யாரும் தொட முடியாது. ஓடிக்கொண்டிருக்கிற சிஸ்டத்தில் பின் தானாக வளையாது. சாக்கெட் திறந்திருக்கும்போதுதான் வளையும்: விரல் பட்டால், ப்ராசஸர் சாய்ந்து விழுந்தால், துடைக்கிற துணி மாட்டினால். வளைந்துவிட்டால் போர்டு கம்பெனிகள் அதை பிசிகல் டேமேஜ் என்று எழுதி வாரண்டியை மறுத்துவிடுகின்றன. லேன் போர்ட் பழுதுக்கும் பின்னுக்கும் சம்பந்தம் இல்லை என்று சொன்னாலும் காதில் வாங்குவதில்லை.

என் கதையும் அதுதான். பொருத்தியவர்கள் அவர்கள். கழற்றியவர்கள் அவர்கள். மூடி போடாமல் சர்வீஸ் சென்டருக்கு அனுப்பியவர்களும் அவர்கள். இதில் நான் எங்கே வந்தேன்?

அப்புறம் தொடங்கியது அலைக்கழிப்பு. போன் செய்தால் "டீலர்கிட்ட பேசிட்டு இருக்கோம்". நேரில் போனால் "அண்ணன் வெளிய போயிருக்கார்". பொறுக்க முடியாமல் நானே சர்வீஸ் சென்டருக்குப் போய்க் கேட்டேன். போர்டு வந்ததுமே எடுத்த படத்தைக் காட்டினார்கள். சாக்கெட் ஓரத்தில் பின்கள் சாய்ந்து கிடக்கின்றன. "மூடி இல்லாமத்தான் வந்துச்சு சார், வந்தப்பவே இப்படித்தான்" என்றார்கள். அதைக் கடையில் சொன்னேன். தமிழில் டீ வாங்கிக் கொடுத்தவர் அன்றைக்கு முழுக்க இங்கிலீஷில்தான் பேசினார். நான் வீட்டில் கழற்றியிருப்பேனாம். "கழட்டுறதுக்கு முன்னாடி சாக்கெட் போட்டோ எடுத்தீங்களா?" என்று கேட்கிறார். கவுண்டருக்கு அந்தப் பக்கம் அவர்கள் கழற்றும்போது, இந்தப் பக்கம் நின்ற நான் எதைப் படம் எடுப்பேன்? உங்கள் கடையில் ஓடியதை நீங்கள்தானே பார்த்தீர்கள் என்றேன். அதற்கு மட்டும் பதிலே வரவில்லை. கடைசியில், புது போர்டு எடுத்தால் 500 ரூபாய் குறைக்கிறாராம். என் 18,500 ரூபாயைத் தொலைத்துவிட்டு 500 ரூபாய் சலுகை!

என்ன செய்ய வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், எரிச்சலில் கை ஓடவில்லை. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். முடிந்தால் கடையை விட்டுவிட்டு நேராக சர்வீஸ் சென்டரில் கொடுங்கள். யாரிடம் கொடுத்தாலும், ப்ராசஸரை எடுத்த அந்த நிமிஷமே சாக்கெட்டையும் சீரியல் நம்பரையும் ஒரே வீடியோவில் எடுத்துவிடுங்கள், அவர்கள் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. "பின் நன்றாக உள்ளது" என்று சீட்டில் எழுதி வாங்குங்கள். சாக்கெட் மூடியைத் தூக்கி எறியாதீர்கள், அதை மாட்டின பிறகுதான் போர்டு உங்கள் கையை விட்டுப் போக வேண்டும். பில் பத்திரம்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுக்கப் போகிறேன். துண்டுச் சீட்டு, பில், சர்வீஸ் சென்டர் படம் மூன்றும் என்னிடம் இருக்கின்றன. மைக்ரோஸ்கோப் வைத்து சாக்கெட் பின் நிமிர்த்துகிற நம்பகமான ஆள் பெங்களூரில் யாரையாவது தெரிந்தால் சொல்லுங்கள். புகார் முடியும்வரை போர்டை அவரிடம் கொடுக்க மாட்டேன், ஆனால் அதற்கப்புறம் எனக்கு இந்த சிஸ்டம் ஓட வேண்டும். முகூர்த்த மாசம் வருகிறது.