போகிக்கு எதை எரிக்கலாம்? பழைய வரிக் காகிதங்களும் மூன்று கட்சிகளும்

ஒவ்வொரு போகிக்கும் எங்கள் வீட்டில் இந்தச் சண்டை உண்டு. பரணில் அப்பாவின் டிரங்குப் பெட்டி இரண்டு. 1987இலிருந்து சம்பளச் சீட்டு, பாஸ்புக், வரி கட்டிய சலான், கரண்ட் பில் எல்லாம் வருஷவாரியாகச் சணல் கயிறு போட்டுக் கட்டியிருக்கும். தம்பி நேர் எதிர், ஒரு துண்டுச் சீட்டு கூட வைத்துக்கொள்ள மாட்டான், எல்லாம் வருமான வரி போர்ட்டலில் இருக்கிறதே என்பான். நான் எட்டு வருஷம் வைத்திருந்து கிழிக்கும் கட்சி.

தம்பி சொல்வது பாதி சரி. தாக்கல் செய்த ரிட்டன், நம் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ், வருஷத்து வருமானம், பரிவர்த்தனைகளைக் காட்டும் ஏஐஎஸ் எல்லாம் வருமான வரித் தளத்திலேயே கிடைக்கிறது. ஆனால் நம் ரிட்டனோடு எந்த ஆதாரமும் இணைப்பதில்லை. வாடகைக்கு இவ்வளவு, மருத்துவக் காப்பீட்டுக்கு இவ்வளவு, நன்கொடை இவ்வளவு என்று எண்ணை மட்டும் போடுகிறோம். நாளைக்கு நோட்டீஸ் வந்தால் அந்த எண்ணுக்கு ரசீது கேட்பார்கள், அது போர்ட்டலில் இருக்காது. வங்கிக் கணக்கு விவரமும் அப்படித்தான். வங்கிகள் பரிவர்த்தனை விவரத்தைக் குறைந்தது 5 வருஷம் வைத்திருக்க வேண்டும் என்பதுதான் விதி, அதற்கு மேல் பழசு கேட்டால் கிளையில் நடையாய் நடக்க வேண்டிவரலாம். வங்கியே கூட மாறிப்போகலாம். கரூர் லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பரில் சிங்கப்பூர்க்காரர்களின் டிபிஎஸ் வங்கியோடு சேர்ந்துவிடும் என்று 2010இல் யார் நினைத்தார்கள்?

சரி, என் எட்டு வருஷக் கணக்கு எங்கிருந்து வந்தது? 2024-25இல் சம்பாதித்த பணத்துக்கு மதிப்பீட்டு ஆண்டு, அதாவது வரியைக் கணக்குப் பார்க்கும் அடுத்த வருஷம், 2025-26, அது 2026 மார்ச் 31இல் முடிகிறது. அதிலிருந்து 3 வருஷம் 3 மாதம், அதாவது 2029 ஜூன் 30 வரை, பழைய கணக்கைத் திரும்பத் திறக்க நோட்டீஸ் வரலாம். விடுபட்ட வருமானம் 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் 5 வருஷம் 3 மாதம், 2031 ஜூன் வரை. இந்த வரம்பே 2024 செப்டம்பரில் வந்ததுதான், அதற்கு முன்னால் பெரிய தொகை என்றால் பத்து வருஷம் வரை தோண்ட முடிந்தது. டாக்டர், வக்கீல் மாதிரி தொழில் செய்பவர்கள் கணக்குப் புத்தகத்தை மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 6 வருஷம் வைத்திருக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் 2024 ஏப்ரலில் வாங்கிய ஒரு பில்லுக்கு 2032 மார்ச் வரை ஆயுசு, கிட்டத்தட்ட எட்டு வருஷம். நானோ மாதச் சம்பளக்காரன், அந்த விதி எனக்கில்லை, இருந்தாலும் எட்டு என்று வைத்துக்கொண்டால் தலைவலி இல்லை.

இதில்தான் ஓட்டை. மாமா போன வருஷம் வீட்டை விற்றார். 2009இல் மாடி எடுக்க 8 லட்சம் செலவு. விற்ற லாபத்திலிருந்து அதைக் கழித்துக்கொள்ள ஆடிட்டர் ரசீது கேட்டார். கம்பி, சிமென்ட் பில்லையெல்லாம் மாமா 2018இலேயே கிழித்துப் போட்டுவிட்டார், எட்டு வருஷம் தாண்டியாச்சே என்று. (யோசனை என்னுடையது, இன்னும் அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருக்கிறது.) நிலம், வீட்டுக்கு நீண்டகால மூலதன ஆதாய வரி 12.5 சதவீதம். 8 லட்சத்தைக் காட்ட முடியாததால் கூடுதல் வரி 1 லட்சம், செஸ் தனி.

அப்பா கட்சி ஜெயிப்பது இங்கேதான். பத்திரம், கட்டுமான பில், பங்கு வாங்கியதற்குத் தரகர் தரும் கான்ட்ராக்ட் நோட், இவற்றுக்கெல்லாம் சொத்தை விற்ற அன்றைக்குத்தான் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. முப்பது வருஷம் கழித்து விற்றாலும் முப்பது வருஷம் கழித்துத்தான் எட்டை எண்ண வேண்டும். 2022 நவம்பரில் கூடுதல் பிஎஃப் பென்ஷன் பற்றி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தபோது அப்பாவின் சிநேகிதர்கள் பழைய சம்பளச் சீட்டைத் தேடி அலைந்தார்கள். அப்பா பெட்டியைத் திறந்து எடுத்தார், அவ்வளவுதான். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

ஆனால் காகிதத்தை மட்டும் நம்பவும் முடியாது. சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளத்தில் பீரோவின் கீழ்த்தட்டில் பத்திரம் வைத்திருந்தவர்களைக் கேட்டால் தெரியும். கடைகளில் தரும் வழவழ பில் இரண்டு கோடையில் வெள்ளைத் தாளாகிவிடுகிறது. அதனால் இப்போது எல்லாவற்றையும் போனில் படம் எடுத்துவிடுகிறேன். பத்திரம் மட்டும் மூலமே வேண்டும், வாங்க வருபவர் அதைத்தான் கேட்பார்.

இந்தப் போகிக்கு ஒருவழியாக ஒத்துக்கொண்டோம். ரிட்டன், ஒப்புகைச் சீட்டு, சம்பளத்தில் பிடித்த வரிக்கு ஆபீஸ் தரும் படிவம் 16 மூன்றும் பிடிஎஃப்பாக என்றைக்கும் இருக்கும், மொத்தமே பத்து எம்பி தேறாது. வாடகை, காப்பீட்டு ரசீதுகளுக்கு எட்டு வருஷம். வீடு, பங்குக்கான கட்டுகள் தொடப்படாது. கரண்ட் பில் கட்டுகள் மட்டும் தீக்குப் போயின. 1991 டெலிபோன் பில்லை அப்பா நெருப்பருகிலிருந்து திரும்ப எடுத்துக்கொண்டு போனார், ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை.