தாழ்த்தின வண்டின்னா அப்படித்தான் சார்

சென்னையில் ஸ்போர்ட்ஸ் காரைத் தாழ்த்தித் தருகிறோம் என்று போர்டு வைத்திருக்கும் கராஜில் வண்டியை விடப்போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். கடையின் பெயர் போடவில்லை. நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன், அது முடியும்வரை போடவும் மாட்டேன். தனியாக மெசேஜ் அனுப்பிக் கேட்காதீர்கள்.

வண்டி ஆடி டிடி (Audi TT) ஸ்போர்ட்ஸ் கார், இரண்டாம் தலைமுறை, 2.0 லிட்டர் டர்போ. செகண்ட் ஹேண்டில் வாங்கியது. சக்கரத்துக்கு மேலே தெரிந்த இடைவெளி கண்ணை உறுத்தியதால் 30 மி.மீ. இறக்கித் தரச் சொன்னேன். நாலு சக்கரத்துக்கும் புது ஜெர்மன் ஸ்ப்ரிங், பொருத்தும் கூலி, சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் வீல் அலைன்மென்ட் எல்லாம் சேர்த்து பில் 65,000 ரூபாய். டெலிவரி எடுத்தபோது வண்டி நின்ற நிலை அம்சமாகத்தான் இருந்தது, அதில் குறை சொல்ல மாட்டேன்.

ஓட்டினால்தான் தெரிந்தது. ஓ.எம்.ஆரில் 80-ஐத் தாண்டியதும் வண்டி தன் இஷ்டத்துக்கு இடமும் வலமும் அலைந்தது. நேராகப் போகும்போதே ஸ்டியரிங் ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரிலும் பின்னால் இருந்து ஒரு 'டொக்'. இதெல்லாம்கூடப் பரவாயில்லை. ஈ.சி.ஆரில் வளைவு நடுவே ஒரு சின்ன மேடு வந்தால் பின்பக்கம் சட்டென்று வெளியே நழுவியது. வண்டி சறுக்காமல் பிடிக்கும் எலக்ட்ரானிக் அமைப்பான இ.எஸ்.பி.யின் விளக்கு மினுக்கி மினுக்கி அணைந்தது. பக்கத்தில் வீட்டுக்காரி உட்கார்ந்திருந்தாள். அதன்பிறகு அந்த வண்டியில் ஏற மறுத்துவிட்டாள்.

திரும்பக் கொண்டுபோய் விட்டால் கராஜ்காரர் சிரித்துக்கொண்டே சொன்ன பதில்தான் இந்தப் பதிவின் தலைப்பு. கூடவே ஒரு வைத்தியமும் சொன்னார்: டயர் மாற்றுங்க. மாற்றினேன். அடுத்து, பின்னாடி ஸ்பேசர் (சக்கரத்தை வெளியே தள்ளி வைக்கும் தட்டு) போட்டா வண்டி உட்காரும் என்றார். அதற்கும் அடங்கவில்லை என்றதும் முன்னால் இரண்டு பக்க சஸ்பென்ஷனையும் இணைக்கும் ஸ்ட்ரட் பார். கடைசியில் ஸ்டியரிங் ரேக்கை, அதாவது ஸ்டியரிங் திருப்பத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் பாகத்தை, ரீகண்டிஷன் பண்ணணும் என்று ஒரு பெரிய எஸ்டிமேட். ஒவ்வொன்றுக்கும் தனி பில். அதற்குள் புது டயர்களில் பின் இரண்டின் உள்விளிம்பும் நூல் தெரியும் அளவுக்குத் தேய்ந்துவிட்டது. வெளியிலிருந்து பார்த்தால் புது டயர் மாதிரியே இருக்கும், குனிந்து உள்பக்கம் டார்ச் அடித்தால்தான் தெரியும்.

ரேக் எஸ்டிமேட்டோடு வண்டியை எடுத்துக்கொண்டு அம்பத்தூர் பக்கம் ஒருவரிடம் போனேன். இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் ரேஸ் வண்டிகளுக்கு அலைன்மென்ட் பார்த்த பெரியவர். அவர் கம்ப்யூட்டரைத் தொடவே இல்லை. வண்டியை லிஃப்டில் ஏற்றி, சக்கரங்கள் தொங்கும் நிலையில் பின் ஸ்ப்ரிங்கை ஒரு கையால் பிடித்து ஆட்டினார். அது ஆடியது.

"தம்பி, இது புது ஸ்ப்ரிங் இல்ல. உங்க ஸ்ப்ரிங்தான். அறுத்துப் பெயின்ட் அடிச்சிருக்காங்க."

இந்த வண்டியில் பின் ஸ்ப்ரிங் தனி, ஷாக் அப்சார்பர் தனி. சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கீழ் ஆர்முக்கும் பாடிக்கும் நடுவே ரப்பர் இருக்கையில் ஸ்ப்ரிங் உட்கார்ந்திருக்கும். சரியான நீளம் இருந்தால், சக்கரம் முழுதாகத் தொங்கும்போதும் அது இறுக்கமாகத்தான் நிற்கும். அறுத்தது தளர்ந்துவிடும், ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கும்போது இருக்கையை விட்டு நகர்ந்து மறுபடி விழும். அந்த 'டொக்' இதுதான். பெயின்டைச் சுரண்டினால் சுருளின் முனையில் கிரைண்டர் தடம் அப்படியே இருக்கிறது. கம்பெனி ஸ்ப்ரிங்கில் அச்சடித்த பார்ட் நம்பர் இருக்கும், இதில் எதுவுமில்லை. முன்பக்க ஸ்ட்ரட்டை (ஸ்ப்ரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்தது) கழற்றிப் பார்த்தால் அங்கும் இதே கைவரிசை.

அறுப்பதால் உயரம் மட்டும் குறைவதில்லை. வேலை செய்யும் சுருள் குறையக் குறைய ஸ்ப்ரிங் விறைக்கும். 6 சுருள் உள்ளதில் 1-ஐ அறுத்தால், 6-க்கு 5 என்ற கணக்கில் ஏறக்குறைய 20 சதவீதம் கடினமாகிவிடும். ஷாக் அப்சார்பரோ பழைய ஸ்ப்ரிங்குக்காகச் செய்தது, இந்த விறைப்பை அதனால் அடக்க முடியாது. சக்கரம் அளவுக்கு மீறி மேலே ஏறாமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப்பரும் பழைய நீளத்திலேயே இருந்தது. அதாவது சக்கரம் மேலே ஏற இடமே கிடையாது. வளைவில் பாரம் வெளிச்சக்கரத்தில் விழுந்திருக்கும்போது ஒரு மேடு வந்தால் ஸ்டாப்பர் போய் இடிக்கும், அந்த நொடியில் பின்பக்கப் பிடிப்பு போய்விடும். ஈ.சி.ஆரில் எனக்கு நடந்தது இதுதான்.

அடுத்தது புஷ், அதாவது ஆர்ம் வண்டியோடு சேரும் மூட்டில் இருக்கும் ரப்பர் உருளை. இது பெரும்பாலான கராஜ்களுக்குத் தெரியாது, தெரிந்தவர்களும் செய்வதில்லை. ஆர்ம்களில் இருக்கும் ரப்பர் புஷ் சுழலாது, முறுக்கிக்கொள்ளும். போல்ட்டை இறுக்கியதும் புஷ்ஷின் உள்குழாய் அந்தக் கோணத்திலேயே பூட்டிக்கொள்ளும். வண்டி லிஃப்டில் தொங்கும்போது இறுக்கிவிட்டால், தரையில் இறங்கியதுமே ரப்பர் முறுக்கேறி நிற்கும். ரப்பர் சீக்கிரம் கிழியும், உயரமும் தப்பாகக் காட்டும். வண்டியின் முழு பாரமும் சக்கரத்தில் இருக்கும்போதுதான் கடைசி இறுக்கு இறுக்க வேண்டும். என் வண்டியில் எல்லாமே தொங்கலில் இறுக்கியவை. பெரியவர் போல்ட்டைத் தளர்த்தியதும் ஆர்ம் 'டங்' என்று தன் இடத்துக்குத் திரும்பியதைக் கண்ணால் பார்த்தேன்.

முன்னால் இன்னொரு கூத்து. இந்த வண்டியில் ஸ்ட்ரட்டின் அடிப்பகுதி நக்கிளில் (சக்கரத்தைத் தாங்கும் பாகம்) ஒரு கவ்வுக்குள் இறங்கி உட்காரும். அந்தக் கவ்வை விரிக்கத் தனி டூல் உண்டு. இவர்கள் உளியை வைத்து விரித்திருக்கிறார்கள், வலதுபக்க ஸ்ட்ரட் முழுதாக இறங்கவில்லை. சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்புவரை டேப் வைத்து அளந்தால் இடதுக்கும் வலதுக்கும் கிட்டத்தட்ட 1 செ.மீ. வித்தியாசம். இந்த அளவை நீங்களே வீட்டு வாசலில் எடுத்துவிடலாம். டயர் காற்று ஒரே மாதிரி இருக்க வேண்டும், தரை சமமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பிறகுதான் அலைன்மென்ட். எனக்குக் கொடுத்திருந்த பிரிண்டில் முன் சக்கர டோ (சக்கரம் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் கோணம்) மட்டும் பச்சை, அதாவது சரி. பின் சக்கரக் கட்டங்கள் காலி. வண்டி நம்பர் போடும் இடமும் காலி. அது என் வண்டியின் பிரிண்ட்தானா என்பதே இப்போது சந்தேகம். டிடியின் பின்பக்கத்தில் கேம்பருக்கும் (சக்கரம் மேலே உள்ளே வெளியே சாயும் கோணம்) டோவுக்கும் தனித்தனி எக்சென்ட்ரிக் போல்ட், அதாவது திருப்பினால் கோணம் மாறும் போல்ட், கம்பெனியே வைத்திருக்கிறது. வண்டி இறங்கினால் பின் கேம்பரும் டோவும் மாறும், திரும்பச் சரிசெய்துதான் ஆக வேண்டும். பெரியவர் அளந்தபோது இடது பின் சக்கரம் அரை டிகிரி வெளிப்பக்கம் திரும்பியிருந்தது. பின் சக்கரங்கள் லேசாக உள்நோக்கி இருந்தால்தான் வண்டி நேராகப் போகும். ஒன்று வெளியே திரும்பினால் வண்டியைப் பின்னாலிருந்து யாரோ ஸ்டியரிங் பிடித்து ஓட்டுவது போலிருக்கும். ஸ்டியரிங் கோணல், டயர் தேய்மானம், இ.எஸ்.பி. குழப்பம் எல்லாம் இந்த ஒரு இடத்திலிருந்து கிளம்பியவை. அந்த எக்சென்ட்ரிக் போல்ட்டுகளில் பழைய மண் அப்படியே அப்பியிருந்தது. ஸ்பேனர் படவே இல்லை.

பின்பக்கக் கோணத்தை அற்பமாக நினைக்க வேண்டாம். 1998-இல் வந்த முதல் தலைமுறை டிடி ஜெர்மனி நெடுஞ்சாலைகளில் அதிவேகத்தில் பின்பக்கம் நழுவி விபத்துக்குள்ளாகி, உயிர்களும் போய், கடைசியில் ஆடியே வண்டிகளைத் திரும்ப வரவழைத்து சஸ்பென்ஷனை மாற்றி, பின் ஸ்பாய்லரும் இ.எஸ்.பி.யும் பொருத்திக் கொடுத்தது. தயாரித்த கம்பெனியே அவ்வளவு மெனக்கெட்ட இடத்தில், இவர்கள் கிரைண்டரை வைத்து விளையாடுகிறார்கள்.

ஒரு விஷயத்தில் கராஜ்காரர் சொன்னதில் பாதி உண்மை. நல்ல ஸ்ப்ரிங் போட்டாலும் தாழ்த்துவதற்கு ஒரு விலை உண்டு. முன்னால் இதுபோல மெக்ஃபெர்சன் வகை ஸ்ட்ரட் உள்ள வண்டியை அளவுக்கு மீறி இறக்கினால், ரோல் சென்டர் (வளைவில் வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது) வண்டியின் எடை மையத்தைவிட அதிகமாகக் கீழே போய்விடும். வண்டி தாழ்வாகத் தெரியும், ஆனால் வளைவில் சாயும் குணம் கூடும். கீழ் ஆர்மும், சக்கரத்தைத் திருப்பும் டை ராடும் வேறுவேறு கோணத்தில் நின்றால், மேடு பள்ளத்தில் ஸ்டியரிங்கைத் தொடாமலே சக்கரம் திரும்பும். அதனால்தான் நான் 30 மி.மீ.க்கு மேல் கேட்கவில்லை. அறுத்தவர்கள் இறக்கியது 50-க்கும் மேல். செனான் ஹெட்லைட்டின் லெவல் சென்சார் ஆர்மோடு சேர்ந்தது என்பதால், உயரம் மாறினால் அதையும் ஸ்கேனர் போட்டு மறுபடி செட் பண்ண வேண்டும். அதையும் செய்யவில்லை. ராத்திரியில் என் வெளிச்சம் பத்தடி தூரத்திலேயே முடிந்துபோன காரணம் பிறகுதான் புரிந்தது.

கேட்கப் போனபோது கராஜ்காரரின் குரல் மாறியது. "எங்க வேணா போய்ச் சொல்லுங்க சார், மாடிஃபிகேஷன் பண்ணது நீங்கதான், உங்க வண்டிதான் மாட்டும்." இவர்களின் துணிச்சலே இதுதான். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, 2019-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு எல்லாம் ஆளுக்குத் தலைகீழ்ப் பாடம். ஆர்.சி.யில் உள்ள விவரம் கம்பெனி கொடுத்ததிலிருந்து மாறக்கூடாது என்பதுதான் அந்தப் பிரிவின் சாரம். புது ஸ்ப்ரிங்குக்குப் பணம் வாங்கிக்கொண்டு பழையதை அறுத்து மாட்டலாம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பொருளைக் காட்டிக் காசு வாங்கிப் பொருளைத் தராதது நுகர்வோர் வழக்கு. 1915 என்ற எண்ணில் கூப்பிட்டால் தேசிய நுகர்வோர் உதவி மையம், வழி சொல்கிறார்கள். கடைக்கு நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் மாவட்ட ஆணையத்தில் புகார்க் கட்டணமும் இல்லை.

இப்போதே இதே தொல்லையில் இருப்பவர்கள் அடுத்த பார்ட்டுக்குப் பணம் கட்டாதீர்கள். முதலில் வேறொரு கடையில் வண்டியை லிஃப்டில் ஏற்றச் சொல்லி பின் ஸ்ப்ரிங்கைக் கையால் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் வீடியோ எடுத்துவிட்டுத்தான் கழற்ற வேண்டும். இனிமேல் வேலைக்கு விடுகிறவர்கள், ஸ்ப்ரிங் பெட்டியைக் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள், பார்ட் நம்பரைப் படம் எடுங்கள், கழற்றிய பழைய ஸ்ப்ரிங் நாலும் வண்டி டிக்கியில் வர வேண்டும் என்று வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். இந்தக் கடைசி நிபந்தனைக்கு முகம் சுளிக்கிற கராஜில் வண்டியை விடாதீர்கள், அறுக்கத் திட்டமிடுகிறவனால் மட்டும்தான் பழைய ஸ்ப்ரிங்கைத் தர முடியாது.

என் வண்டி இப்போது கம்பெனி உயரத்திலேயே, கம்பெனி ஸ்ப்ரிங்கில் ஓடுகிறது. ரேக்கில் எந்தக் கோளாறும் இல்லை. அறுத்த நாலு ஸ்ப்ரிங்கும் பில்களோடு என்னிடம் இருக்கின்றன. கராஜ்காரர் பாதிப் பணம் தருகிறேன், புகாரை வாபஸ் வாங்குங்கள் என்று ஆள் அனுப்பியிருக்கிறார். வாங்கப் போவதில்லை.